ஆட்டம் மாறினாலும் கை மாறாது

ஒரே கேமை வருடக்கணக்கில் ஆடுகிறவருக்கு எதிராளிதான் பிரச்சினை. இன்று கார் பந்தயம், நாளை விவசாயம், மறுநாள் வாள்சண்டை என்று கிளைக்குக் கிளை தாவுகிறவருக்கு நேற்று ஆடிய கேம்தான் பிரச்சினை. மூளை புது கேமுக்குச் சட்டென்று மாறிவிடும், கட்டைவிரல் மாறாது. "இது ரொம்பக் கஷ்டமான கேம்" என்று மூடிவைக்கப்படும் பல கேம்களில் அந்தக் கஷ்டத்தின் ஒரு பங்கு முந்தைய கேம் விட்டுப்போன மிச்சம். அதைத் துடைக்கப் பெரிய திறமை வேண்டாம். எது எங்கே ஒட்டிக்கொள்கிறது என்று தெரிந்தால் போதும்.

முதலில் மாட்டுவது 'சரி', 'வேண்டாம்' இரண்டும். நின்டெண்டோ கன்ட்ரோலரில் ஏ பட்டன் வலப்பக்கம், பி கீழே. எக்ஸ்பாக்ஸில் ஏ கீழே, பி வலப்பக்கம். இரண்டிலும் ஏ என்றால் 'சரி', ஆனால் இடம் நேரெதிர். பிளேஸ்டேஷனில் எழுத்துகளே இல்லை. அங்கே ஜப்பானில் வெகுகாலம் வட்டம்தான் 'சரி', பெருக்கல் குறி 'வேண்டாம்'. மேற்கு நாடுகளில் தலைகீழ். 2020-ல் பிஎஸ்5 வந்தபோதுதான் ஜப்பானிலும் பெருக்கல் குறியே 'சரி' ஆனது. மெனுவில் தவறி அழுத்தினால் பெரிய நஷ்டமில்லை என்று தோன்றும். "பழைய சேவின்மேல் எழுதட்டுமா?" என்று கேட்கும் இடத்தில்தான் நஷ்டம் தெரியும்.

இதற்கு மருந்து இரண்டு. நின்டெண்டோ ஸ்விட்சில் 2020 முதல் சிஸ்டம் செட்டிங்ஸிலேயே பட்டன்களை மாற்றி வைக்கலாம். கம்ப்யூட்டர் கேம்களை விற்று இயக்கும் ஸ்டீமில் 'நின்டெண்டோ வரிசையைப் பயன்படுத்து' என்ற தேர்வு தனியாக உண்டு. ஆனால் சிஸ்டம் மட்டத்தில் மாற்றினால் திரையில் வரும் படம் மாறாது. கேம் ஏ என்று காட்டும், நீங்கள் பி-யை அழுத்த வேண்டும். மெதுவான கேம்களில் இது ஒரு நாளில் பழகிவிடும். திடீரென்று ஒரு பட்டனைக் காட்டி அரை வினாடிக்குள் அழுத்தச் சொல்லும் கேம்களில் பழகவே பழகாது. அதனால் கேமுக்குள்ளேயே பட்டன் மாற்றும் வசதி இருந்தால் அதுதான் முதல் தேர்வு. அங்கே மாற்றினால் பெரும்பாலும் படமும் சேர்ந்து மாறும்.

சண்டை கேம்களுக்கு நடுவே தாவுவது இன்னும் மோசம். மூன்றாம் நபர் கோணத்தில் ஆடும் பல ஆக்‌ஷன் கேம்களில் சதுர பட்டன்தான் அடி. வாள்சண்டை கேமான எல்டன் ரிங்கில் அடி ஆர்1, அதாவது வலது ஆள்காட்டி விரலுக்கு மேலே இருக்கும் பட்டன். சதுரம் என்றால் கையிலிருக்கும் பொருளைப் பயன்படுத்து. அப்படியொரு கேமிலிருந்து நேராக எல்டன் ரிங்குக்குள் போனால், பாஸ் எனப்படும் பெரிய எதிரியின் முன்னால் நின்று வாளை வீச நினைத்து, குடுவையைத் திறந்து குடித்துக்கொண்டிருப்போம். குடித்து முடிக்கும்வரை உருளவும் முடியாது. ஓட்டமும் இப்படித்தான்: அங்கே வட்டத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும், வேறு பல கேம்களில் இடது குச்சியை உள்ளே அமுக்க வேண்டும். ஓட நினைத்துக் குச்சியை அமுக்கினால் எல்டன் ரிங்கில் ஆள் குனிந்துகொள்வார். துரத்தும் குதிரைவீரனுக்கு முன்னால் குனிந்து உட்கார்வது பார்ப்பவர்களுக்கு நல்ல வேடிக்கை.

இதைச் சரிசெய்யப் பத்து நிமிடம் போதும். விட்ட இடத்துக்கு நேரே போகாமல், ஏற்கெனவே தெரிந்த, ஒரே அடியில் சாகும் எதிரிகள் இருக்கும் பகுதிக்குப் போக வேண்டும். அங்கே அடிப்பது, உருள்வது, குடிப்பது மூன்றையும் கலந்து கலந்து செய்ய வேண்டும். வெறும் அடியை மட்டும் முப்பது தடவை பழகினால் பயனில்லை. தவறு நடப்பதே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நொடியில்தான். அந்த மாற்றத்தைத்தான் பழக்க வேண்டும். குடிக்கும் பட்டனைக் குறைந்தது ஐந்து முறையாவது, அடி வாங்கிய பதற்றத்தில் அழுத்திப் பார்க்க வேண்டும்.

மவுஸில் ஆடும் சுடும் கேம்களில் விஷயம் வேறு. இங்கே பட்டன்கள் ஏறக்குறைய ஒன்றுதான். மாறுவது வேகம். ஒவ்வொரு கேமும் சென்சிட்டிவிட்டி என்று ஒரு எண்ணைக் காட்டும், ஆனால் அந்த எண்கள் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. உறவுள்ள ஒரே அளவு, ஒரு முழுச் சுற்றுத் திரும்ப மவுஸ் எத்தனை சென்டிமீட்டர் நகர வேண்டும் என்பதுதான். கவுன்டர் ஸ்ட்ரைக் 2-ல் சென்சிட்டிவிட்டி 1 என்றால் மவுஸின் ஒரு எண்ணிக்கைக்கு, அதாவது அது உணரும் மிகச் சிறிய நகர்வுக்கு, 0.022 டிகிரி திரும்பும். 360-ஐ 0.022 ஆல் வகுத்தால் சுமார் 16,364 எண்ணிக்கைகள். மவுஸ் 800 டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்துக்கு 800 எண்ணிக்கை, என்றால் அதை 800-ஆல் வகுக்க 20.45 அங்குலம், அதாவது ஏறத்தாழ 52 சென்டிமீட்டர். வேலரன்டில் ஒரு எண்ணிக்கைக்கு 0.07 டிகிரி, எனவே கவுன்டர் ஸ்ட்ரைக் எண்ணை 3.18-ஆல் வகுத்துப் போட வேண்டும். ஓவர்வாட்சில் 0.0066, அங்கே 3.33-ஆல் பெருக்க வேண்டும். ஆக ஒருவருடைய 1, இன்னொரு கேமில் 0.314, மூன்றாவதில் 3.33.

கணக்குத் தெரியாத கேமுக்கு ஸ்கேல் போதும். மேசையில் 52 சென்டிமீட்டரைக் குறித்துக்கொண்டு, சுவரில் ஒரு புள்ளியைக் குறிவைத்து, மவுஸை அந்தத் தூரம் நகர்த்த வேண்டும். ஒரு சுற்றுக்கு மேல் போனால் எண்ணைக் குறைப்பது, போகாவிட்டால் கூட்டுவது. மவுஸ் பேட் அவ்வளவு நீளமில்லை என்றால் பாதித் தூரத்தில் பாதிச் சுற்று பார்க்கலாம். இப்படி அளக்கும்போது ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கோணம் வந்தால் கை நடுங்குகிறது என்று அர்த்தமில்லை; வேகமாக நகர்த்தினால் கூடுதலாகத் திருப்பும் மவுஸ் ஆக்ஸிலரேஷன் எங்கோ இயங்குகிறது. விண்டோஸின் மவுஸ் செட்டிங்ஸில் துல்லியத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் ஒரு டிக் குறி உண்டு. பெயர் அப்படி, வேலை இப்படி. அதை எடுத்துவிட வேண்டும். மவுஸை நேரடியாகப் படிக்கும் கேம்களுக்கு அது தடையில்லை, மற்றவற்றுக்குத் தடை. ஸ்கோப் வழியாகப் பார்க்கும்போது வரும் வேகத்துக்குத் தனி எண் இருக்கும். அதையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

ரேஸிங் சிமுலேட்டரில் இதே வேலையைப் பார்வைக்கோணம் செய்கிறது. கோணம் அகலமாக இருந்தால் வேகம் கூடியதுபோல் தெரியும், வளைவு தள்ளியிருப்பதுபோல் தெரியும், பிரேக் போடும் இடம் தவறும். 27 அங்குல மானிட்டரின் அகலம் சுமார் 60 சென்டிமீட்டர், உயரம் 33.6. கண்ணுக்கும் திரைக்கும் 60 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் உண்மையான கோணம் பக்கவாட்டில் 53 டிகிரி, மேல்கீழாக 31 டிகிரி. 2014-ல் வந்த அசெட்டோ கோர்ஸா கேட்பது மேல்கீழ்க் கோணம். இது தெரியாமல் 90 என்று போடுகிறவர்கள் காரை மீன்தொட்டிக்குள்ளிருந்து ஓட்டுகிறார்கள். 31 என்பது முதலில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கும். அப்படி இருந்தால் 40 வரை தளர்த்தலாம், அதற்கு மேல் வேண்டாம். முதல் நபர் சுடும் கேம்களில் இதற்கு நேர்மாறு: குறுகிய கோணம்தான் தலைசுற்றலைக் கொண்டுவரும். அங்கே பக்கவாட்டில் 90 முதல் 105 வரை வைத்து, நடக்கும்போது தலை ஆடுவதையும் அசைவு மங்கலையும் அணைத்துவிட்டால் பலருக்குக் குமட்டல் நிற்கிறது.

அடுத்தது தாமதம். கண்ணுக்குத் தெரியாதது என்பதால் எல்லோரும் தங்கள் கையையே குறைசொல்வார்கள். ஒரு வினாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்ட். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் டிரைவ் இம்பாக்ட் என்ற கனமான அடி, தொடங்கியதிலிருந்து மேலே விழ 26 ஃப்ரேம் எடுக்கிறது, அதாவது 433 மில்லிசெகண்ட். பார்த்துப் புரிந்து அழுத்த ஒருவருக்கு 250 ஆகிறது என்று வைத்துக்கொண்டால் கையில் மிச்சம் 183. டிவியை அதன் சாதாரணப் படப் பயன்முறையில் விட்டிருந்தால், படத்தை மெருகேற்றும் வேலையிலேயே 50-க்கும் மேல் போய்விடும். இணையத்தில் ஆடினால் இன்னும் கொஞ்சம். மிச்சமிருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில், எதிராளி எப்போது அடிப்பார் என்று காத்திருந்தால்தான் பதில் கொடுக்க முடியும். வேறு யோசனையில் இருந்தால் முடியாது. டிவியில் கேம் மோடைப் போடுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. சில டிவிகளில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் அதைத் தனித்தனியாகப் போட வேண்டும். கேபிளை வேறு துளைக்கு மாற்றினால் பழையபடி ஆகிவிடும் என்பதை மறந்துவிடுவார்கள்.

தாள கேம்களில் தாமதத்துக்கு மன்னிப்பே கிடையாது. ஓசு-வில் மொத்தக் கடினம் 8 என்றால், முழு மதிப்பெண் பெற இரண்டு பக்கமும் 32 மில்லிசெகண்ட்தான் இடம். 10 என்றால் 20. ப்ளூடூத் ஹெட்போன் மட்டுமே 150-லிருந்து 250 வரை தின்றுவிடக் கூடும். அந்தத் தாமதம் நிலையாக இருந்தால், தாமதத்தை அளந்து கழிக்கும் கேமின் கேலிப்ரேஷன் அதை ஈடுகட்டும். நிலையாக இல்லாமல் அலைந்தால் எந்த எண்ணும் உதவாது. வயர் ஹெட்போன்தான் தீர்வு. கேலிப்ரேஷன் செய்யும்போது ஒலி, படம் இரண்டையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். முதலில் கண்ணை மூடிக்கொண்டு ஒலிக்குத் தட்டி ஒரு எண், பிறகு ஒலியை அணைத்துவிட்டுப் படத்துக்குத் தட்டி இன்னொரு எண். இரண்டையும் சேர்த்துச் செய்தால் கண்ணும் காதும் சண்டைபோட்டு நடுவில் ஒரு எண் வரும், அது இரண்டுக்கும் பொருந்தாது. கேலிப்ரேஷன் சரியா என்று பார்க்க, ஒரு சுலபமான பாட்டை ஆடி, தவறுகள் முந்தி விழுகின்றனவா பிந்தி விழுகின்றனவா என்று பார்த்தால் போதும். எல்லாம் ஒரே பக்கம் விழுந்தால் எண் தவறு. இரண்டு பக்கமும் சிதறினால் கை தவறு.

வயரில்லாத கன்ட்ரோலர் விட்டுவிட்டு வேலைசெய்தால், அல்லது மவுஸ் அவ்வப்போது நின்று நின்று நகர்ந்தால், பேட்டரியை மாற்றுவதற்கு முன் அதன் சின்ன ரிசீவர் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். யுஎஸ்பி 3 துளையும் அதில் தொங்கும் ஹார்ட் டிஸ்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கசியவிடும். ரிசீவர் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். ஒரு யுஎஸ்பி நீட்டிப்பு வயரில் ரிசீவரை மேசைமேல் கொண்டுவந்து வைத்தால் பாதி நேரம் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

டிரிஃப்ட் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. விரலை எடுத்த பிறகும் ஆள் தானாக நடப்பது, கேமரா தானாகத் திரும்புவது. சாதாரணக் கன்ட்ரோலரின் குச்சிக்குக் கீழே பொட்டென்ஷியோமீட்டர் இருக்கிறது: கார்பன் தடத்தின்மேல் ஒரு உலோக முனை உரசிக்கொண்டே போகும். தடம் தேய்ந்தாலும் தூள் சேர்ந்தாலும் நடுநிலை நகர்ந்துவிடும். ஹால் எஃபெக்ட் குச்சிகளில் காந்தம் இருக்கிறது. அளக்கும் இடத்தில் உரசல் இல்லை, அதனால் அந்தத் தேய்மானமும் இல்லை. ஆனால் நடுவுக்குத் திருப்பிக் கொண்டுவரும் ஸ்பிரிங் அவற்றிலும் ஒரு நாள் தளரும்.

சோதிக்க, கன்ட்ரோலரை மேசைமேல் வைத்து, குச்சியின் அளவை எண்ணாகக் காட்டும் ஏதாவது திரையைத் திறக்க வேண்டும். நான்கு திசையிலும் முழுக்கத் தள்ளி, சட்டென்று விட்டு, நிற்கும் எண்ணைக் குறிக்க வேண்டும். பத்துத் தடவை. முழுத் தள்ளல் 1 என்றால், 0.05-க்குள் நின்றால் கவலையில்லை. பத்தில் மிகப் பெரிய எண்ணோடு 0.02 கூட்டி, அதை டெட்ஸோனாக, அதாவது குச்சியின் அசைவைக் கேம் கண்டுகொள்ளாத நடுப்பகுதியாக, போட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு 0.25 என்று போடுவதுதான் வழக்கமான தவறு. அப்படிப் போட்டால் குச்சியின் முதல் கால் பங்கு செத்துவிடும். ஓடும் கேமில் அது தெரியாது. கார் கேமில் ஸ்டீயரிங் நடுவில் ஒன்றுமே நடக்காது, பிறகு குதிக்கும். இன்னொரு பொறி: ஸ்டீமில் ஒரு டெட்ஸோன், கேமுக்குள் ஒரு டெட்ஸோன் என்று இரண்டு வைத்தால் இரண்டும் கூடிவிடும். ஒரு இடத்தில் மட்டும் வைத்து, மற்றதைச் சுழியம் ஆக்க வேண்டும்.

விரல் பழக்கம் மட்டுமல்ல, கணிப்பும் ஒட்டிக்கொள்ளும். இன்றைய டெட்ரிஸ்களில் ஏழு கட்டைகளும் ஒரு பைக்குள் போட்டுக் குலுக்கப்பட்டு வருகின்றன. அதனால் ஒரு நெட்டைக் கட்டைக்கும் அடுத்த நெட்டைக் கட்டைக்கும் நடுவே அதிகபட்சம் பன்னிரண்டு கட்டைகள்தான் வரலாம். அதை நம்பி ஓரத்தில் ஒரு நெடுவரிசையைக் காலியாக, கிணறுபோல் விட்டுக் காத்திருக்கலாம். 1989-ல் வந்த நின்டெண்டோ டெட்ரிஸில் பை கிடையாது. அங்கே கிணறு விட்டால் முப்பது கட்டைகூட வராமல் போகலாம். ஒரு கட்டையைத் தனியே எடுத்துவைக்கும் வசதியும் இல்லை, ஒரே அடியில் கீழே போடும் பட்டனும் இல்லை. புதிதிலிருந்து பழையதற்குப் போகிறவர் தோற்பது வேகத்தால் அல்ல, அந்த நம்பிக்கையால்.

இனி சேவ். பல கேம் ஆடுகிறவர் இழக்கும் நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது, ஏனென்றால் ஒவ்வொரு கேமும் 'நிறுத்து' என்பதை வேறு மாதிரி புரிந்துகொள்கிறது. விவசாய கேமான ஸ்டார்டியூ வேலியில் தூங்கினால்தான் சேவ். அங்கே பத்து நிமிடம் நமக்கு ஏழு வினாடி. காலை 6 மணியிலிருந்து நள்ளிரவு தாண்டி 2 மணிவரை ஒரு நாள், அதாவது 14 நிமிடம். பத்து நிமிடம்தான் கையில் இருக்கிறது என்றால் நாளைத் தொடங்காதீர்கள், அல்லது சீக்கிரமே படுக்கையில் போட்டுவிடுங்கள். ஸ்லே தி ஸ்பையரில் நடுச்சண்டையில் வெளியேறினால், திரும்பி வரும்போது அதே சண்டை முதலிலிருந்து தொடங்கும். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். எல்டன் ரிங்கில் ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்தினாலும் உலகம் நிற்காது. ஆனால் மெனு வழியாக வெளியேறினால் நின்ற இடத்திலேயே சேவ் ஆகும். மின்சாரத்தை அணைத்து வெளியேறுவது வேறு.

கன்சோலைத் தூங்கவைத்துவிட்டு, கேம் பத்திரமாக இருக்கிறது என்று நினைப்பது தனி ஆபத்து. தூக்கம் சேவ் அல்ல. எக்ஸ்பாக்ஸின் குவிக் ரெஸ்யூம் பல கேம்களை நின்ற நிலையிலேயே வைத்திருக்கும், ஆனால் இடையில் ஒரு அப்டேட் வந்தால் அந்த நிலை போய்விடலாம். தூங்கவைக்கும் முன்பும் கையால் ஒரு சேவ் போட்டுவிட வேண்டும்.

கம்ப்யூட்டரில் சேவ் ஃபைல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது நல்லது. யூனிட்டி என்ற கேம் செய்யும் மென்பொருளில் செய்த கேம் என்றால் பெரும்பாலும் ஆப்டேட்டாவுக்குள் லோக்கல்லோ. அதேபோன்ற அன்ரியல் என்றால் பெரும்பாலும் ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், அதில் கேமின் பெயர், அதற்குள் சேவ்டு, அதில் சேவ்கேம்ஸ். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர். மறைந்தவற்றைக் காட்டச் சொன்னால்தான் தெரியும். இரண்டு கம்ப்யூட்டரில் ஆடினால் ஒரு நாள், சேவை இணையத்தில் வைத்திருக்கும் ஸ்டீம் கிளவுடு "இது புதுசா, அது புதுசா?" என்று கேட்கும். அவசரப்பட்டுப் பதில் சொல்லாமல், ஜன்னலை மூடி, இந்தக் கம்ப்யூட்டரில் உள்ள ஃபோல்டரை டெஸ்க்டாப்பில் ஒரு நகல் எடுத்துவிட்டு, பிறகு தேதி பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேதி மட்டும் ஏமாற்றும்: தவறாக ஒரு புது ஆட்டம் தொடங்கி மூடியிருந்தால், அந்தக் காலி சேவ்தான் புதியதாகத் தெரியும்.

மூன்று மாதம் கழித்துத் திரும்பி வரும்போது பலரும் செய்வது, முதலிலிருந்து மறுபடி தொடங்குவது. இது கௌரவமான தவறு. ஆரம்பப் பத்து மணி நேரம் மறுபடி நன்றாக இருக்கும், சரியாகப் போன தடவை விட்ட இடத்தில் மறுபடி சலிக்கும். ஏனென்றால் விட்டதற்குக் காரணம் அந்த இடம்தான். மறந்துபோனது கதை அல்ல, கதை எங்கேயும் படித்துக்கொள்ளலாம். மறந்துபோனது அடுத்து என்ன செய்ய இருந்தோம் என்பது. தொழிற்சாலை கட்டும் கேமான ஃபேக்டோரியோவில் இது கொடுமை. ஒரு மஞ்சள் பெல்ட்டை வினாடிக்கு 15 தகடுகளால் நிரப்ப 48 கல் உலைகள் வேண்டும் என்று கணக்குப் போட்டு, 31 உலை வைத்துவிட்டுப் போயிருப்போம். திரும்பி வந்து பார்த்தால் 31 என்பது ஏதோ ரகசியத் திட்டம் மாதிரி இருக்கும்.

அதனால் மூடுவதற்கு முன் இரண்டு வரி எழுதிவைக்க வேண்டும். எங்கே இருக்கிறோம் என்பதைக் கேமே சொல்லிவிடும், அது தேவையில்லை. அடுத்த வேலை ஒன்று, கை தடுமாறும் பட்டன் ஒன்று. போனில் ஒரே நோட்டில், கேம் பெயரோடு:

ஃபேக்டோரியோ – பச்சை சர்க்யூட் போதவில்லை. கம்பி மெஷின் 3, சர்க்யூட் மெஷின் 2 என்று இருக்கணும். இப்போ 2-க்கு 2. கிழக்கே இடம் விட்டிருக்கு. உலை இன்னும் 17.

எல்டன் ரிங் – பாஸின் முதல் பாதி தெரியும். இரண்டாவது பாதியில் பின்னால் போகாதே, உள்ளே உருள். சதுரம் குடுவை!

ஸ்டார்டியூ – வசந்தம் 17. இனி காலிஃபிளவர் நடாதே, 12 நாள் ஆகும், 28-ல் பருவம் முடிஞ்சிடும்.